மீசை நீங்கலாக

எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் வீட்டில் கைகட்டி நின்று சம்பளம் வாங்கியதில்லை. ராணுவச் சம்பளம் வேறு. அது தேசம் கொடுப்பது. ஆகவே, தொண்ணூற்று நான்காம் வருடம் என் மருமகள் வெள்ளத்தாய், நோயாளிகளின் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பணிவிடை செய்யும் நிலையம் ஒன்றை ராஜபாளையத்தில் தொடங்கப்போவதாகச் சொன்னபோது, நான் சில நாட்கள் அவளோடு பேசவில்லை.

அவள் மதுரையில் நர்ஸாக இருந்தவள். கெட்டிக்காரி. என் மகன் அப்போது ஜபல்பூரில் ராணுவத்தில் இருந்தான். அவன் சரியென்று கடிதம் எழுதிவிட்டான். சொந்தக்காரர்கள் மட்டும், "சுபேதார் வீட்டு மருமகள் ஊர்க் கிழவன்களைக் குளிப்பாட்டப் போறாளாம்" என்று பேசினார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றே நான் அனுமதி கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யக் கூடாது.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். செய்தால் நம் பெயரில் செய்ய வேண்டும். பெயரை மறைத்துக்கொண்டு செய்கிற வேலைதான் குடும்பத்துக்கு இழுக்கு. அப்படித்தான் 'சுபேதார் வீட்டு மருத்துவப் பணிவிடை நிலையம்' என்று பலகை எழுதப்பட்டது. சுபேதார் என்பது நான். சுந்தரபாண்டியன் என்ற பெயரை என் மனைவியே மறந்துபோயிருந்தாள்.

காலையில் ஆட்கள் நோயாளி வீடுகளுக்குப் புறப்படும் முன், அவர்களை வரிசையில் நிறுத்தி நகம், பொத்தான், தலைமுடி ஆகியவற்றைப் பார்வையிடுவது என் பொறுப்பு. அதற்கு நான் சம்பளம் வாங்கவில்லை.

நிலையம் நன்றாகவே நடந்தது. ஊரில் ஒரு பஞ்சாலை, ஓய்வு பெற்ற தன் ஊழியர்களில் படுக்கையில் கிடப்பவர்களை எங்கள் ஆட்களே கவனிக்கட்டும் என்று முன்வந்தது. ஆனால் நிலையத்துக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டுமாம். அதற்காக வெள்ளத்தாய் கூட்டிவந்தவர்தான் அசன் முகம்மது, அரசாங்கக் காப்பீட்டுக் கம்பெனியின் அதிகாரி. அவருடைய தகப்பனாரும் நானும் ஒரே ரெஜிமெண்ட். இல்லாவிட்டால் அன்றே வாசலோடு அனுப்பியிருப்பேன்.

"உங்க ஆளு நோயாளியைத் தூக்கும்போது கீழ போட்டுட்டாருன்னு வைங்க, சுபேதாரய்யா..." என்று ஆரம்பித்தார்.

"போட மாட்டான்."

"சரி. வெந்நீரைக் காலுல ஊத்திட்டாரு..."

"ஊத்த மாட்டான்."

"அவிய வீட்டுச் சாமானை உடைச்சிட்டாரு..."

"தம்பி, எங்க வீட்டுக் காப்பியைக் குடிச்சுக்கிட்டே எங்க ஆளுக அம்புட்டுப் பேரையும் கையாலாகாதவன்னு சொல்லுற. இதுக்கு நான் வருசா வருசம் பணம் வேற கட்டணுமா?"

வெள்ளத்தாய் குறுக்கிட்டாள். "மாமா, தப்பு நடக்கும்னு அவரு சொல்லலை. நடந்தா என்ன செய்யறதுன்னுதான்."

"நடந்தா என்ன செய்யறதுன்னு நம்ம வீட்ல என்னைக்கோ முடிவு பண்ணியாச்சு."

அது உண்மை. எங்கள் வீட்டு ஆளோ மாடோ யாருக்காவது கெடுதல் செய்துவிட்டால், குடும்பத்தின் மூத்தவன் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அவர்கள் வாசலில் போய் நின்று, "தப்பு எங்களுது" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட வேண்டும். எங்கள் காளை மம்சாபுரத்துக்காரர் ஒருவரின் பருத்தியை மேய்ந்தபோது என் தகப்பனார் அப்படிப் போய் நின்றார். காளையையும் கூட்டிப்போனார்.

இதைக் கேட்டதும் அசன் முகம்மது டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யா, அதைத்தான் செய்யவே கூடாது. கம்பெனியைக் கேக்காம நீங்க தப்பை ஒத்துக்கிடக் கூடாது. வாயால கூடாது, எழுத்தால கூடாது, ஈடு தாரேன்னு வாக்கும் கொடுக்கக் கூடாது. ஒத்துக்கிட்டா பாலிசி அம்புட்டுத்தான்."

"தப்பைப் பண்ணிட்டுப் பண்ணலைன்னு சொல்லணுமா?"

"பண்ணலைன்னும் சொல்ல வேண்டாம். ஒண்ணுமே சொல்ல வேண்டாம்."

"எம்புட்டு நாளைக்கு?"

"கம்பெனி சொல்லுங்கிற வரைக்கும்."

எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஆனால் வெள்ளத்தாயின் முகத்தைப் பார்த்தேன். பஞ்சாலை வேலை அவளுக்கு எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. உரிமையாளர் பெயர் என்னுடையது என்பதால் கையெழுத்தை நான்தான் போட வேண்டும். போட்டேன். நான் ஒரு கையெழுத்தைப் போட்டால் அதன்படி நடப்பேன் என்பது ஊருக்குத் தெரியும்.

அந்த வருடம் எங்கள் கவனிப்பில் இருந்தவர்களில் மரியாதைக்கு முதல் ஆள் சங்கையா. ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு நின்றுபோனது. தொண்டைக்குள் உறுமல் மட்டும் வரும். ஆனால் மீசைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவர் பணியில் இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவர் சேத்தூர் ஸ்டேஷனில் இருந்தபோது, அந்த மீசையைப் பார்த்த மாத்திரத்தில் ஒருவன் தான் திருடாத கோழியையும் ஒத்துக்கொண்டானாம்.

அவரைக் கவனிக்க நான் அனுப்பிய ஆள் சோலைச்சாமி. நல்ல உடற்கட்டு, மெதுவான கை. அவனிடம் ஒரே ஒரு விசேஷம்: கோணலைக் கண்டால் பொறுக்காது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் உள்ள காலண்டரை நேராக்குவான். பாயை நேராக்குவான். செருப்புகளை ஜோடி சேர்த்து நேராக வைப்பான். அந்தக் குணத்துக்காகவே அவனை நான் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டி வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. சங்கையாவின் மனைவி சுந்தரம்மாள், ஆண்டாள் சந்நிதிக்குப் போய்விட்டு மாமனாரையும் பார்த்து வரலாம் என்று முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். வீட்டில் சங்கையாவும் சோலைச்சாமியும் மட்டும். சோலைச்சாமி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தில் சோப்பு நுரை தடவி, சவரம் செய்தான். சங்கையா அப்படியே தூங்கிப்போனார்.

சவரம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது, மீசையின் வலது பக்கம் தாழ்ந்து தெரிந்திருக்கிறது. கொஞ்சம் எடுத்தான். இப்போது இடது பக்கம் கனத்துத் தெரிந்தது. அதில் கொஞ்சம் எடுத்தான். மறுபடியும் வலது பக்கம் தாழ்ந்தது. இப்படியே வெகு கவனமாக மாறி மாறி எடுத்துக்கொண்டே போயிருக்கிறான். கோணியிருந்தது மனிதரின் முகம், மீசையல்ல. இதை அவன் உணர்ந்தபோது மூக்குக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. ஒரு இன்ஸ்பெக்டர் முகத்தில் அதை மட்டும் விட்டுவைப்பது மரியாதையாகாது என்று அதையும் எடுத்துவிட்டான்.

சங்கையா விழித்து, இடது கையால் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். உறுமக்கூட இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சோலைச்சாமி வாசற்படியில் போய் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதான்.

அந்த நேரத்தில் பால்காரர் வந்தார்.

எங்கள் பக்கத்தில் மீசை வைத்த மனிதன் அதை எடுப்பது தாய் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும்போது மட்டும்தான். சங்கையாவின் தாயார் முன்பே காலமாகிவிட்டார். தகப்பனார் மாரிச்சாமி, தொண்ணூறு வயதுக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூரில் இளைய மகனோடு இருந்தார். பால்காரர் கண்டது இவ்வளவு: சங்கையாவுக்கு மீசை இல்லை, துண்டால் முகத்தை மூடியிருக்கிறார், சுந்தரம்மாள் முதல் பஸ்ஸுக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார், வேலைக்கு வந்த ஆள் வாசலில் அழுகிறான். அவர் செம்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் கேள்வி கேட்பது நாகரிகமில்லை.

நான் இரண்டாவதாகப் புறப்படும் ஆட்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, மாரிச்சாமி தவறிவிட்டார் என்று எனக்குச் செய்தி வந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் சொல்லலாம். ஒரு பெரிய மனிதரின் வீட்டுக்குப் போன் போட்டு, "அய்யா தவறிட்டாகளா?" என்று யார் கேட்பது? தவறியிருந்தாலும் கேட்கக் கூடாது, தவறாவிட்டாலும் கேட்கக் கூடாது. நான் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கினேன். ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் ஒரு வேன் பிடித்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் இன்னொரு வேன். கொட்டுக்காரர்கள் மேலே சாமான் வைக்கும் இடத்தில் ஏறிக்கொண்டார்கள். அசன் முகம்மதும் வந்திருந்தார். சங்கையா அவருக்கும் வேண்டியவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரு முனையில் இறங்கியதுமே கொட்டு ஆரம்பமாகிவிட்டது. பெண்கள் தலைவிரித்து ஒப்பாரிக்குக் குரல் கொடுத்தபடி முன்னால் போனார்கள். நாங்கள் மாலைகளோடு பின்னால் போனோம்.

மாரிச்சாமி வாசலுக்கு வந்தார். கையில் இலைத்துண்டில் பால்கோவா. அந்தக் காலத்துக் கிராம முன்சீப். வேலை போனாலும் அந்த அதிகாரக் குரல் போகவில்லை.

"யாரு வீட்லலே சாவு?"

கொட்டு நின்றது. ஒப்பாரி நின்றது.

"கேக்கேன்ல? சொன்னா நானும் ஒரு துண்டைப் போட்டுட்டு வாரேன். எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. மூத்தவன் நான்தான்.

"தெரிஞ்ச ஆளுதான்" என்றேன்.

"வயசான ஆளா?"

"ஆமா."

"கட்டை கிடந்து கஷ்டப்பட்டுதோ?"

"இல்லை. நல்லாத்தான் இருக்காரு" என்றேன். 

முன்சீப் மீதிப் பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மாலைகளைப் பார்த்தார். எல்லாம் தன் வாசலிலேயே வந்து நிற்பதைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. கொண்டாங்க. எது எது யாரு கொண்டாந்த மாலை?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ மாலைகளைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "ஏலே, உனக்கு நான் நிலம் முடிச்சுக் கொடுத்தேன். இம்புட்டுக்காணு மாலையா?" என்று ஒருவரைக் கேட்டார். "கான்சாபுரத்துச் சம்பந்தி வரலையா?" என்று கூட்டத்தில் தேடினார். வந்திருந்த பெண்களில் ஒருவரிடம், "ஏட்டி, உன் ஒப்பாரி நல்லாருந்துச்சு, ஏன் நிப்பாட்டுனே?" என்றார். என் மாலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அது பெரியது என்பதை நான் முன்பே சொன்னேன்.

"வந்தது வந்துட்டீக. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

இங்கே ஒரு சிக்கல் வந்தது. இழவுக்கு என்று புறப்பட்டு வந்தவர்கள் குளிக்காமல் சாப்பிடலாமா? சாவே இல்லையே, எதற்குக் குளிக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. கொட்டு அடித்தாகிவிட்டதே, கொட்டுக்குத் தீட்டு உண்டு என்றது இன்னொரு கட்சி. குளித்தால் பெரியவரைச் செத்தவராகவே கணக்கில் வைத்ததாகிவிடும் என்றது மூன்றாவது கட்சி. கடைசியில் முன்சீப்பே, "குளிக்கிறவன் குளி, தின்கிறவன் தின்னு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்போதுதான் சுந்தரம்மாள் கோயிலிலிருந்து பிரசாதத்தோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பதறி, விஷயத்தைக் கேட்டு, வீட்டுக்குப் போன் போட்டுச் சோலைச்சாமியிடம் கேட்க, முனையில் இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் கண் நேராக என் மேல் இருந்தது.

"மாமா, இவரு அனுப்புன ஆளு உங்க மகன் மீசையைச் சிரைச்சுப்புட்டானாம்."

அந்தக் கூட்டத்தின் நடுவில், வெறுங்கையோடு நான் நின்றேன். எங்கள் வீட்டு வழக்கப்படி என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அசன் முகம்மது என் துண்டைப் பிடித்து இழுத்தார். வாயை மூடினேன்.

முன்சீப் எழுந்து நின்றார். "எனக்குக் கொட்டு அடிச்சதுல வருத்தமில்லை. ஆனா எம்மகன் மீசை வேற. சுபேதாரே, நாளைக்குக் காலையில நான் ராஜபாளையத்துக்கு வாரேன். நீரு அவன் முன்னாடி வந்து தப்பை ஒத்துக்கிடணும். இல்லேன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு வீட்டு நடையை உம்ம ஆளுக மிதிக்க முடியாது."

வேனில் திரும்பி வரும்போது என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அசன் முகம்மது மட்டும் பாலிசியை மனதுக்குள் புரட்டிக்கொண்டே வந்தார். "சுபேதாரய்யா, மீசையை உடம்புன்னு எடுத்துக்கிடறதா, உடைமைன்னு எடுத்துக்கிடறதா? உடம்புன்னா கவர் ஆகும். உடைமைன்னா, உங்க ஆளு கையில இருந்த பொருளுக்கு ஈடு கிடையாதுன்னு ஆபீஸ்ல தட்டிக்கழிச்சிருவாக."

"தம்பி, அது அவரு மூஞ்சியில இருந்துச்சு."

"அதான் அய்யா குழப்பமே."

நிலையத்துக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. செய்தி எங்களுக்கு முன்பே வந்துவிட்டதால், மீசை வைத்த நோயாளிகள் எல்லோரும் எங்கள் ஆண் ஆட்களை மதியத்துக்குள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒருவர் போர்வையை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு மருந்து குடிக்கவே மறுத்துவிட்டாராம். பஞ்சாலை மேனேஜர் போன் செய்து, பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

நான் உள்ளே போய் வெள்ளித் தட்டை எடுத்தேன். வெள்ளத்தாய் வாசலில் வந்து நின்றாள். என் முன்னால் அப்படி அவள் நின்றது அதுவே முதல் தடவை.

"மாமா, செத்த நில்லுங்க. நீங்க போய்ச் சொன்னா பாலிசி போச்சு, மில்லு போச்சு. சொல்லலைன்னா ஊரு போச்சு. எது போனாலும் பலகையைக் கழட்டிர வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "பலகையில இருக்கறது உங்க பேரு" என்றாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பரம்பரையில் தட்டு வீட்டுக்குள்ளேயே இருக்க, பொழுது சாய்ந்தது அன்று ஒரு நாள்தான்.

அப்போது சோலைச்சாமி கொல்லைப்புறமாக வந்து என் காலடியில் உட்கார்ந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அய்யா, பதிலுக்கு எம்மீசையை எடுத்துருங்க. அவிய முன்னாடியே வச்சு எடுங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு மீசை என்று இருந்தது ஓர் எறும்பு வரிசை. அதை எடுத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் சங்கையாவுக்கு ஈடு என்று காட்டினால், அது இன்னொரு அவமானம். மீசைக்கு மீசை என்றால் இணையாக இருக்க வேண்டும். ராஜபாளையத்தில் அந்த மீசைக்கு இணை ஒன்றுதான் இருந்தது. அதை நான் பட்டாளத்தில் சேர்ந்த வருடத்திலிருந்து வளர்த்து வந்தேன். கடைசியாக என் தாயார் காலமானபோது எடுத்தது. அதற்குப் பிறகு கத்தி பட்டதில்லை.

மறுநாள் காலை சோலைச்சாமியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எடுலே. ஒரேயடியா எடு. நேர்பார்க்க வேண்டாம்."

அவன் நுரை தடவி எடுத்தான். வெள்ளத்தாய் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் மனைவி மட்டும் பக்கத்தில் நின்று, "உதட்டுக்கு மேல மச்சம் இருந்ததே எனக்கு மறந்துபோச்சு" என்றாள்.

டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து தன் இடத்தைக் கொடுத்து, "எப்பய்யா எடுக்கறாக?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என் தாய் தகப்பன் இருவரும் போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். அதனால் யார் போனது என்பதில் பெரிய குழப்பம். முந்தின நாள் பட்ட அனுபவத்தால் யாரும் மாலை வாங்கவில்லை. கொட்டுக்காரர்கள் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, கொஞ்சம் தள்ளியே என் பின்னால் வந்தார்கள்.

சங்கையாவின் வீட்டில் முன்சீப் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கையா, முகத்தில் துண்டு. சுந்தரம்மாள் தூணோரம். நான் என்ன சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் அசன் முகம்மது பாலிசியோடு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். நான் உள்ளே போய், சங்கையாவுக்கு நேர் எதிரில், பட்டாளத்தில் நிற்பதுபோல் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அசன் முகம்மதின் கையிலிருந்த காகிதங்கள் கீழே விழுந்தன.

"சொல்லும்" என்றார் முன்சீப்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். போட்ட கையெழுத்தை நான் மீறுறதில்லை."

முன்சீப் அசன் முகம்மதைப் பார்த்தார். "என்னய்யா கையெழுத்து?"

அவர் கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "கம்பெனி பாலிசி அய்யா. வாயாலயும் எழுத்தாலயும் ஒத்துக்கிடக் கூடாது."

"வேற எதாலயும் கூடாதுன்னு இருக்கா?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். "வேற ஒண்ணும் இல்லை அய்யா."

"அப்ப இவரு ஒத்துக்கிட்டாரா, இல்லையா?"

"ஒத்துக்கிடலை அய்யா. மீசையை எடுத்திருக்காரு. அது அவரு சொந்த மீசை. அதுல கம்பெனி தலையிட முடியாது."

அந்த நேரத்தில் சங்கையா இடது கையால் துண்டை விலக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து சுந்தரம்மாள் ஓடி வந்தார். அழவில்லை. சிரித்தார். கோணல் வாயோடு, மூச்சு முட்ட, நாற்காலி ஆடச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே, நோய் வந்த நாளிலிருந்து ஒரு சொல் வராத அந்த வாயிலிருந்து சொற்கள் வந்தன. குழறலாகத்தான். ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

"ஏலே சுபேதாரு... நீ... இம்புட்டு அசிங்கமாவா இருந்தே?"

என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் சும்மா விட்டதுமில்லை. ஆனால் வாயே திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன் அல்லவா? நின்ற இடத்திலேயே நின்றேன். சுந்தரம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

முன்சீப் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. முடிஞ்சுது. போட்ட கையெழுத்துக்கு மரியாதை கொடுக்கிறவன் வீட்டு ஆளு எம்மகனைப் பார்த்துக்கிடட்டும். அந்தப் பயலையே அனுப்பும். காலண்டரெல்லாம் நேரா இருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு."

சுந்தரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேன் வாடகை, மாலை, கொட்டு, இதெல்லாம் சொந்தக்காரவுக கேக்காக மாமா. கம்பெனியில கேக்கலாமா?" என்றார்.

"எதுக்குக் கேக்கணும்? அது என் சாவுச் செலவு. முன்கூட்டியே செஞ்சாச்சு. நெசமா நான் போறப்ப யாரும் மாலையும் கொண்டாற வேண்டாம், கொட்டும் வேண்டாம். யாரு யாரு வருவான்னு பாத்துட்டேன். அது எம்புட்டுப் பேருக்குக் கிடைக்கும்?"

அசன் முகம்மதுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பேச்சு வந்துட்டுதே அய்யா, அதை ரிப்போர்ட்ல எங்கிட்டு எழுதறது? நட்டத்துக்கு மட்டுந்தான் இடம் விட்டிருக்காக" என்றார்.

யாரும் ஈடு கேட்காததால் பாலிசிக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சாலை ஒப்பந்தம் கையெழுத்தானது. மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கலாமா வேண்டாமா என்று கடைசிவரை தவித்தார். நோயாளிகள் எங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பலகை இருந்த இடத்தில் இருந்தது.

அடுத்த வருடம் பாலிசி புதுப்பித்து வந்தபோது, கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு டைப் அடித்து ஒட்டியிருந்தது. 'மீசை நீங்கலாக' என்று அதில் இருந்தது. எங்கள் குடும்பப் பெயருக்குக் கீழே இப்படி ஒரு சீட்டா என்று நான் கம்பெனிக்கே போய்க் கேட்பதாக இருந்தேன். வெள்ளத்தாய்தான், "மாமா, சீட்டுல மீசைன்னு மட்டுந்தான் இருக்கு, யாரு மீசைன்னு இல்லை" என்று தடுத்துவிட்டாள்.

இரண்டு மீசைகளும் வளர்ந்தன. சங்கையாவினுடையது முந்திக்கொண்டது. அதை அவர் என்னிடம் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

தொண்ணூற்று ஏழில் மாரிச்சாமி உண்மையாகவே காலமானார். இந்தத் தடவை ஊர் அவசரப்படவில்லை. பால்காரரே, "கம்பெனிக்காரருகிட்ட கேட்டுட்டுப் போவோம்" என்று சொல்லி அசன் முகம்மது வீட்டில் போய் நின்றிருக்கிறார். பெரியவர் சொன்னபடியே எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள். கொட்டுக்காரர்கள்கூடக் கொட்டு இல்லாமல் வந்து ஓரமாக நின்றார்கள்.

கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் சங்கையா. அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஊர் நாவிதர் கத்தியை எடுத்து வந்தார். சங்கையா இடது கையால் அவரைத் தடுத்து, சோலைச்சாமியைக் காட்டினார். தன் முகத்தில் அவன் கைதான் பட வேண்டுமாம்.

சோலைச்சாமி பின்வாங்கினான். "அய்யா, எதுன்னாலும் செய்யறேன். மீசைக்கு மட்டும் பாலிசி இல்லை" என்று என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான்.

சங்கையா என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் முகத்தில் சவரக் கத்தி பிடித்ததில்லை. நான் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கத்தியை வாங்கினேன்.

"பார்த்து எடும் சுபேதாரே" என்றார் சங்கையா. "என் மூஞ்சிதான் கோணல்."